ருத்ராவின் பெயருக்குப் பின்னால்

"இது யாரு பேரு, ஆன்ட்டி?"

ஆறு வயதுக் குழந்தை கேட்ட கேள்வி. இன்றுவரை எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாது என்று சொல்வதுகூடச் சரியில்லை. அந்தப் பெயர் யாருடையது என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதை அவளிடம் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை.

அன்று சனிக்கிழமை காலை. பாயா ரும்புட்டில் எங்கள் வட்டாரப் பொது மண்டபத்தில் பாலர் பள்ளியின் பட்டமளிப்பு விழாவுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. இங்கே ஆறு வயதுப் பிள்ளைகளுக்கும் கறுப்பு அங்கி, சதுரத் தொப்பி எல்லாம் உண்டு. அங்கிகள் பிளாஸ்டிக் உறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தன. மண்டபம் முழுக்கப் புதுத் துணியின் வாசனை. நீளமான அங்கிகளை ஊக்கு குத்தித் தூக்கி விட்டிருந்தார்கள். சுவர் விசிறி ஒவ்வொரு முறை திரும்பும்போதும் யாருடைய தொப்பியாவது பறந்தது.

நான் மேடை ஓரத்தில் மடிக்கணினியுடன் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பிள்ளையும் மேடைக்கு வரும்போது பின்னால் திரையில் படமும் பெயரும் வரவேண்டும். அதைத்தான் சோதித்துக்கொண்டிருந்தேன்.

ருத்ரா என் பக்கத்தில் வந்து நின்றாள். வாயெல்லாம் ஆசாம் போய் என்ற புளிப்புப் பழ மிட்டாயின் சிவப்பு. அவளுக்குப் புதிதாகப் படிக்க வந்திருந்தது. மசாலாத்தூள் பொட்டலம், சாலைப் பலகை, முன்னால் போகும் லாரியின் முதுகு என்று எழுத்து இருக்கும் எதையும் அவள் விடுவதில்லை. திரையில் அவள் படம் வந்தது. ஒரு விரலைக் காற்றில் நீட்டி, எழுத்துக் கூட்டிப் படித்தாள். முதலில் தன் பெயர். பிறகு மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம், ஏ பி. அதற்குப் பிறகும் ஒரு பெயர் இருந்தது. அதையும் கூட்டிக் கூட்டிப் படித்து முடித்தாள். பிறகுதான் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"அது வந்து... கம்ப்யூட்டர் தானா போட்டுச்சும்மா" என்றேன்.

"கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?"

நான் புரொஜெக்டரின் கம்பியைப் பிடுங்கினேன். திரை நீலமானது. "ஐயோ, ஒயர் கழண்டுடுச்சு" என்று சொல்லிக்கொண்டு மேசைக்கடியில் குனிந்தேன். அவள் போகும்வரை நிமிரவில்லை.

நான் செய்யும் வேலை

இந்தத் தொடரை விடாமல் வாசிக்கும் சிலர், "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று சொல்லவே இல்லையே" என்று கேட்டிருந்தார்கள். சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. என் அம்மாவுக்கே இன்னும் புரியவில்லை. "கம்ப்யூட்டர்ல டைப் பண்றா" என்றுதான் அவர் எல்லாரிடமும் சொல்கிறார்.

ஆயர் குரோவில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கீழே டயர் கடை. நாங்கள் ஆறு பேர். ஆவணங்களைக் கட்டித் தரும் மென்பொருள் செய்கிறோம்.

ஒரு நற்சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க ஒரே தாள்தான். ஆனால் அதில் படம் தனி, பெயர் தனி, மதிப்பெண் அட்டவணை தனி, கையெழுத்து தனி. ஒவ்வொன்றையும் ஒரு குட்டி மென்பொருள் கவனித்துக்கொள்கிறது. அதை நாங்கள் பிளாக் என்போம். படத்தைப் பார்த்துக்கொள்ளும் பிளாக்குக்குப் படத்தை வெட்டவும் சுருக்கவும் தெரியும், வேறெதுவும் தெரியாது. அட்டவணை பிளாக்குக்குக் கூட்டல் தெரியும். எல்லாவற்றையும் ஒரு தாளில் அடுக்கினால் ஆவணம். ஒரு முறை ஒழுங்காகச் செய்துவிட்டால், அதே பெயர் பிளாக்கைப் பள்ளிச் சான்றிதழிலும் வைக்கலாம், கோயில் சங்கத்தின் உறுப்பினர் அட்டையிலும் வைக்கலாம், பூப்பந்துப் போட்டியின் பட்டியலிலும் வைக்கலாம்.

எங்கள் முதலாளி சிவா அண்ணன் வாடிக்கையாளர்களுக்கு இதை நாசி சம்போர் கடையை வைத்துத்தான் விளக்குவார். "தட்டுதான் தாளு. சோறு ஒரு சட்டியில, கறி ஒரு சட்டியில, கீரை ஒரு சட்டியில. நீங்க எதெது வேணுமோ அதை எடுத்துத் தட்டுல வச்சிக்கிறீங்க. எங்க வேல சட்டிய நிரப்பி வைக்கிறது மட்டும்தான் லா."

தட்டில் வைப்பதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, அள்ளித் தட்டில் போட்டுவிடுவது. அதன்பிறகு சட்டிக்கும் தட்டுக்கும் உறவில்லை. இன்னொன்று, இணைத்து வைப்பது. சட்டியில் உப்புக் கூட்டினால் மேசையில் இருக்கும் தட்டிலும் உப்புக் கூடும். ஓரிடத்தில் மாற்றினால் எல்லாத் தாளிலும் மாறிவிடும். கைக்கு வேலை மிச்சம். அதனால் நான் எப்போதும் இரண்டாவது கட்சி.

இத்தனைக்கும் அதில் நான் சூடுபட்டவள். பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் ஒரு கட்டுரை கொடுத்தேன். அதில் ஒரு வரைபடத்தை இணைத்து வைத்திருந்தேன். மூலக் கோப்பு என் வீட்டுக் கணினியில். விரிவுரையாளர் திறந்தபோது வரைபடம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெற்றுப் பெட்டியும் அதற்குள் சிவப்புப் பெருக்கல் குறியும்தான் இருந்தன. இணைத்த பொருளைக் காணவில்லை என்று கீழே ஒரு வரி. அன்று முழு வகுப்பும் சிரித்தது. அதன்பிறகு இணைப்பு அறுந்துவிடக் கூடாதே என்றுதான் பயந்திருக்கிறேன். இணைப்பு நன்றாக வேலை செய்தாலும் பயப்படவேண்டி வரும் என்று நினைத்ததே இல்லை.

போன வருடக் கூத்து

பாலர் பள்ளியை நடத்துபவர் புவனா டீச்சர். போன வருட விழாவில் யாரோ ஒருவர் பெயர்களை வெட்டி ஒட்டியதில் ஒரு பையனுக்கு அடுத்த பையனின் அப்பா பெயர் விழுந்துவிட்டது. மேடையில் அதை அப்படியே வாசித்தும் விட்டார்கள். அப்பாக்காரர் மண்டபத்திலேயே எழுந்து, "நான் உசுரோட இங்க உக்காந்திருக்கேன், டீச்சர்!" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

என் மகள் யாழினியும் இந்த ஆண்டு அங்கே பட்டம் வாங்குகிறாள். அதனால் டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார். "யாழினி அம்மா, உங்க ஆபீஸ் சாஃப்ட்வேர்ல செஞ்சிக் குடுங்களேன். இந்த வருஷம் ஒரு பேரும் மாறக்கூடாது."

யாராவது இப்படிக் கேட்டால் எனக்கு மறுக்கத் தெரியாது. சிவா அண்ணனிடம் அனுமதி வாங்கிக்கொண்டு செய்தேன். பிள்ளைகளைச் சேர்க்கும்போது டீச்சர் பிறப்புப் பத்திரத்தைப் பார்த்துப் பதிந்து வைத்த விவரங்கள் ஏற்கெனவே இருந்தன. திரை, நிகழ்ச்சிப் புத்தகம், நற்சான்றிதழ், அங்கியில் குத்தும் அட்டை எல்லாவற்றிலும் ஒரே பெயர் பிளாக்கை வைத்து, அதைப் பதிவோடு இணைத்தேன். பெற்றோர் சரிபார்ப்பதற்கு ஒரு சிறு தாளும் அனுப்பினோம். பிள்ளை பெயர், அப்பா பெயர், பிள்ளை வளர்ந்து என்ன ஆகவேண்டும் என்பது. பாதிப் பேர் எதையாவது காலியாக விட்டுத்தான் திருப்பி அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் காலியாக இருந்தால் பதிவிலிருந்து எடுத்துக்கொள் என்று பிளாக்குக்குச் சொல்லிவைத்தேன். வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு உதவியாக இருக்குமே என்ற நினைப்பு.

காலியாக விடுவதும் ஒரு பதிலாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிள்ளையின் பெயர், பிறகு மகன் என்றால் ஏ எல், மகள் என்றால் ஏ பி, பிறகு அப்பா பெயர். இந்த நாட்டில் நம்மவர்களின் பெயர் அப்படித்தான் வரும். கிளினிக் அட்டையிலும் அப்படி, வங்கிப் புத்தகத்திலும் அப்படி. அந்த பிளாக்கை எழுதும்போது அதை ஒரு விதியாகக்கூட நான் நினைக்கவில்லை. பெயர் என்றால் அதுதான் என்று இருந்துவிட்டேன்.

மகேஸ் அக்கா

ருத்ராவின் அம்மா மகேஸ் அக்கா பள்ளி வேன் ஓட்டுகிறார். என் யாழினியும் அந்த வேனில்தான் போகிறாள். முதல் மாதம் நான் தினமும் அவருக்குச் செய்தி அனுப்புவேன். வேன் கிளம்பியதா, சீட் பெல்ட் போட்டாளா, அழுதாளா. ஒரு நாள் அவர் குரல் பதிவு அனுப்பினார். "கவி, உம்புள்ளைய நான் எங்கயும் விக்க மாட்டேன் லா. வித்தாலும் இந்த வாயாடிய யாரு வாங்குவா?" அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள்.

ஒத்திகை முடிந்ததும் வெளியே வந்தேன். வேன் மரநிழலில் நின்றது. அக்கா கதவில் சாய்ந்து, பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஓ ஐஸை, பாலில்லாத குளிர்ந்த தேநீரை, உறிஞ்சிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வேனுக்குள் ஏறி, யார் சன்னல் ஓரம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். முடியவில்லை. சொன்னேன்.

"காலியாதானே விட்டேன்?" என்றார்.

"ஆமாக்கா. காலியா இருந்தா அது பழைய பதிவுலேருந்து எடுத்துக்கும்."

"எடுக்கச் சொன்னது யாரு?"

"நான்தான்க்கா."

என்னைப் பார்த்தார். பிறகு மூக்கால் சிரித்தார். "உன் கம்ப்யூட்டரும் உன்ன மாதிரியேதான். கேக்காமலே உதவி செய்யும்."

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அவர் உறிஞ்சுகுழலால் ஐஸ் கட்டிகளைக் குத்திக்கொண்டே கேட்டார்.

"அவ படிச்சிட்டாளா?"

"எழுத்துக் கூட்டிப் படிச்சா. யாரு பேருன்னு கேட்டா."

"நீ என்னா சொன்ன?"

"கம்ப்யூட்டர் தானா போட்டுச்சுன்னு."

"ம்" என்றார். வேனுக்குள் யாரோ யாருடைய தொப்பியையோ மிதித்துவிட்டார்கள். அக்கா திரும்பி ஒரு சத்தம் போட்டார். எல்லாம் அடங்கியது.

ருத்ராவின் அப்பா, அவள் நடக்கத் தொடங்கும் முன்பே விட்டுப் போய்விட்டார். வேறு ஊரில் வேறு குடும்பம். இது ஊருக்கே தெரியும், ருத்ராவைத் தவிர. "திட்டி வளக்க எனக்கு மனசில்ல கவி. புகழ்ந்து வளக்க ஒண்ணுமில்ல. அதான் பேச்சே எடுக்குறதில்ல" என்று முன்பு ஒரு முறை சொல்லியிருக்கிறார். நம்ம வீட்டில் நீயும் நானும்தான் என்று சொல்லி வளர்க்கிறார். குழந்தையும் இதுவரை அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தது.

"அந்த எடத்துல உங்க பேரைப் போட்டுடட்டுமாக்கா?" என்றேன். நல்ல யோசனை சொல்லிவிட்ட நிம்மதி எனக்கு.

"வேணாம். எல்லாருக்கும் பின்னால ஆம்பளப் பேரு வரும். இவளுக்கு மட்டும் மகேஸ்வரின்னு வந்தா மண்டபமே திரும்பும். மேடையில புள்ளையப் பாக்கமாட்டாங்க, என்னைத் தேடுவாங்க."

"அப்போ வெறும் ருத்ரான்னு?"

"அவளுக்கு மட்டுமா? அது இதைவிட மோசம்."

உறிஞ்சுகுழலைப் பைக்குள் திணித்து முடிச்சுப் போட்டார். "ஒண்ணும் செய்யாத லா. ஒரு நிமிஷம்தானே திரையில வரப்போவுது. நான் அவளை அப்போ வேற எதையாவது பாக்க வச்சிடுறேன்."

எதையும் படிக்காமல் விடாத குழந்தையை எதைக் காட்டித் திருப்பப் போகிறார்?

பிரபுவின் முறை

வீட்டுக்கு வந்து சிவா அண்ணனை அழைத்தேன்.

"அந்தப் புள்ளைக்கு மட்டும் லிங்கை அறுத்துடு. ஒரு நிமிஷ வேல" என்றார்.

"அவளுக்கு மட்டும் வேற மாதிரி வரும் அண்ணே. அதுதான் வேணாங்குறாங்க."

"அப்ப ரூலையே மாத்தப் போறியா? மூல பிளாக்ல கைய வச்சீன்னா கோயில் சங்கத்து அட்டையெல்லாம் மாறிடும். அப்புறம் தலைவர் எனக்குத்தான் போன் போடுவாரு." கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு முகம் குடு. பிளாக்கு ஒண்ணுதான். மேடைக்கு வந்தா சின்னப் பேரைக் காட்டட்டும். சர்டிபிகேட்டுல முழுப் பேரு. எல்லாப் புள்ளைக்கும் ஒரே மாதிரி."

கேட்டதும் எளிதாகத்தான் தோன்றியது. என் கணவர் பிரபு பக்கத்தில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்ததை நான் மறந்துவிட்டேன்.

"எல்லாருக்கும் எடுக்கப் போறியா? என் பேரையும்?"

பிரபுவுக்குச் செங் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விழாவுக்காக விடுப்புக்குச் சொல்லி, சக தொழிலாளியோடு முறை மாற்றி வைத்திருந்தார். சட்டைகூட எடுத்தாகிவிட்டது.

"மேடையில மட்டும்தாங்க. சர்டிபிகேட்டுல இருக்கும்."

"சர்டிபிகேட்டு பீரோவுக்குள்ள போயிடும்" என்றார். யாழினியின் காலுறைக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தார். "ஃபேக்டரியில என் சட்டையில லைன் நம்பர்தான் இருக்கு, கவி. என் பேரு அவ்ளோ பெரிய எழுத்துல எங்கயும் வந்ததில்ல. ஒரு தடவ பாக்கலாம்னு இருந்தேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதனால் எவ்வளவு ஆசைப்பட்டார் என்று என்னால் கணிக்க முடியவில்லை.

எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தது. தொடக்கப் பள்ளியில் பரிசு வாங்க என் முழுப்பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். வேலை முடிந்து நேரே வந்து, ரப்பர்ப் பால் வாடை போகாத சட்டையோடு கடைசி வரிசையில் நின்ற அப்பா, தன் பெயர் வந்த இடத்தில் முதுகை நிமிர்த்திக்கொண்டார். மேடையிலிருந்து அதை நான் பார்த்தேன். அதை நாற்பது அப்பாக்களிடமிருந்து எடுக்கப் போகிறேனா? ஒரு குழந்தைக்காக? ருத்ரா என் மகளாக இருந்திருந்தால் இப்படிக் கேட்டுக்கொண்டிருப்பேனா?

மடித்த துணியைத் தூக்கிக்கொண்டு பிரபு எழுந்தார். "சரி, எடுத்துடு. அந்தப் புள்ள நம்ம வீட்டுல எத்தன நாள் சோறு தின்னிருக்கு."

மனதாரச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா? அவரிடம் இன்னும் கேட்கவில்லை.

புவனா டீச்சர் மறுப்பார் என்று பயந்துகொண்டேதான் அவரிடம் போனேன். ருத்ராவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, எல்லாருக்கும் பொதுவாகத்தான் கேட்டேன். "சர்டிபிகேட் சூராட் பெரானாக்ல இருக்குற மாதிரிதான் வரணும், அதுல கைய வைக்காதீங்க" என்றார். பிறப்புப் பத்திரத்தைச் சொன்னார். "மேடையில சின்னப் பேரா? நல்லதாப் போச்சு. சீக்கிரம் முடியும். போன வருஷம் சாப்பாடு ஆறிடுச்சி." மேடையில் பிள்ளைகளுக்குக் கொடுப்பது வெறும் தாள் சுருள்தான், படம் எடுப்பதற்காக. உண்மையான நற்சான்றிதழ் உறையிலிட்டுப் பெற்றோர் கைக்குப் போகும். அதுவும் எனக்கு வசதியாகப் போயிற்று.

விழா

விழா அன்று எல்லாம் ஒழுங்காக நடந்தது. என் வாழ்க்கையில் அப்படி நடப்பது குறைவு என்பதால் எழுதி வைக்கிறேன்.

திரையில் படம், கீழே பெயர். ஹரிணி. தேவேஷ். கவின். யாருக்கும் பின்னால் எதுவும் இல்லை. நிகழ்ச்சிப் புத்தகத்திலும் அங்கி அட்டையிலும் அப்படியே. யாரும் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. ஒரு பெரியவர் மட்டும் பிரபுவின் பக்கம் சாய்ந்து, "யாரு புள்ள இது, பேரு மட்டும் போட்டிருக்கு?" என்று கேட்டார். அப்போது திரையில் இருந்தது யாழினி. "என் புள்ள!" என்றார் பிரபு. மூன்று வரிசைக்குக் கேட்டது. பெரியவர் கேட்காமலே, "நான்தான் அப்பா" என்று இன்னொரு முறையும் சொன்னார்.

ருத்ராவைக் கூப்பிட்டார்கள். தொப்பி கண்வரை இறங்கியிருந்தது. ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடை ஏறினாள். வளர்ந்து என்ன ஆகப்போகிறாள் என்று வாசித்தார்கள். வேன் டிரைவர். மண்டபம் சிரித்துக் கைதட்டியது. பின்வாசலில் நின்ற மகேஸ் அக்கா சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டே தட்டினார். அந்தச் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது. எல்லாரும் பிள்ளையைத்தான் பார்த்தார்கள். யாரும் அக்காவைத் தேடவில்லை.

நான் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டேன். நன்றாகத்தான் செய்திருக்கிறோம் என்று நினைத்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் நான் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ருத்ரா வந்தாள். ரிப்பனை அவிழ்த்துச் சுருளைப் பிரித்திருந்தாள். முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினாள்.

"ஆன்ட்டி, என்னுதுல ஒண்ணுமே இல்ல."

"எல்லாருக்கும் அப்படித்தாம்மா. நெஜ சர்டிபிகேட் கவர்ல இருக்கு. அம்மாகிட்ட குடுத்தாச்சு."

அவள் போகவில்லை. திரை இருந்த பக்கம் பார்த்தாள். அதைச் சுருட்டி வைத்துவிட்டார்கள்.

"அன்னைக்கு அதுல இருந்துச்சே, அந்தப் பேரு. நீங்க அழிச்சிட்டீங்களா?"

"அழிக்கலம்மா. எல்லாருக்கும் சின்னப் பேரா போட்டோம். யாழினிக்கும் சின்னப் பேருதான் வந்துச்சு, பாத்தியா?"

"யாழினி சொன்னா, பின்னாடி வர்றது அப்பா பேராம்."

பிறகு அந்தப் பெயரைச் சொன்னாள். ஒத்திகை அன்று விரலை நீட்டி எழுத்துக் கூட்டிப் படித்தவள், இப்போது ஒரே மூச்சில், தடுமாறாமல் சொன்னாள். எத்தனை முறை தனியாகச் சொல்லிப் பார்த்திருந்தால் அப்படி வரும்?

"அம்மாகிட்ட கேட்டியா?" கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தேன்.

இல்லை என்று தலையை ஆட்டினாள். "கேட்டா ரேடியோவ சத்தமா வைப்பாங்க." கொஞ்சம் பொறுத்து, "நீங்களும் சொல்லாதீங்க ஆன்ட்டி. அம்மா பாவம்."

பின்னால் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. அவள் தாளை மடமடவென்று சுருட்டினாள்.

"என்னா, ரெண்டு பேருக்கும் ரகசியம்?" மகேஸ் அக்கா தட்டில் மீகூன் சேமியாவுடன் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அத்தனை மாதங்களில் அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. என் தோளில் தட்டினார். "தேங்க்ஸ் கவி. நல்லபடியா முடிஞ்சிருச்சு."

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் ருத்ரா. எனக்கு முன்னால் அவளே பதில் சொல்லிவிட்டாள்.

இனி

இன்னும் சில வாரங்களில் ஒன்றாம் வகுப்பு. அங்கே வருகைப் பதிவில் தினமும் முழுப்பெயர் கூப்பிடுவார்கள். அது என் பிளாக் இல்லை. அதற்கு இரண்டு முகம் கொடுக்க என்னால் முடியாது. அக்காவுக்கும் தெரியும். "அப்போ பாத்துக்கலாம் லா" என்கிறார். அவள் அந்தப் பெயரை ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருக்கிறாள் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

பெயர்களை எல்லாம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அந்த ஒரு பெயரை மாற்றியும் எழுதவில்லை. மகேஸ் அக்கா மலாய்ப் பள்ளியில் படித்தவர், தமிழ் வாசிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன். அப்படி எழுதுவது சரியா என்றும் ஒரு பக்கம் உறுத்துகிறது.

சொன்னால், என்னை நம்பிச் சொன்ன குழந்தைக்குத் துரோகம். சொல்லாவிட்டால், பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு அம்மாவும் மகளும் ஒருவருக்காக ஒருவர் வாயை மூடிக்கொண்டு போகிறார்கள், நான் தினமும் வாசலில் நின்று கையசைக்கிறேன். பிரபு, "உனக்கெதுக்கு, அவங்க குடும்ப விஷயம்" என்கிறார். கேட்காமலே உதவி செய்பவள் என்று அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. இந்த முறை அந்தக் குழந்தை என்னிடம் கேட்டும் இருக்கிறாள், சொல்லாதீங்க என்று.

உங்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். தனியாக வளர்த்தவர்கள் இருப்பீர்கள். அப்படி வளர்க்கப்பட்ட பிள்ளையாகவே இருந்து, பெரியவர்கள் எப்போதாவது வாயைத் திறக்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்களும் இருப்பீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன். நான் மகேஸ் அக்காவிடம் சொல்லலாமா? சொல்லலாம் என்றால், என்ன வார்த்தையில் தொடங்குவது? எழுதுங்கள், ஒரு வரியானாலும் போதும். பள்ளி திறப்பதற்குள் எழுதுங்கள்.